நான்கு முறை ஜெயித்தவரும் ஒரே முறை ஜெயித்தவரும்: கார் பந்தய சாம்பியன்ஷிப் கணக்கு

பள்ளி விளையாட்டு விழாவில் கடைசியாகக் கொடுக்கும் 'தனிநபர் சாம்பியன்' கோப்பை நினைவிருக்கிறதா? முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 என்று பாயிண்ட் போட்டுக் கூட்டுவார்கள். நூறு மீட்டரில் எல்லோரையும் பின்னால் தள்ளி ஓடிய பையன் நீளம் தாண்டுதலில் மூன்று முறையும் கோட்டை மிதித்து வெளியே போயிருப்பான். அவனுக்கு 5. எதிலும் முதலாக வராமல், இரண்டு போட்டிகளில் இரண்டாவதாக வந்த இன்னொருவனுக்கு 6. கோப்பை அவனுக்குத்தான் போகும். யார் வேகமானவன் என்று மைதானத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்; ஆனால் கோப்பையில் பொறிக்கிற பெயர் வேறு.

உலகக் கார் பந்தய சாம்பியன்ஷிப்பும் இதே மாதிரிக் கணக்குதான். அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு வருடத்தையும் இரண்டு ஆங்கிலேய ஓட்டுநர்களையும் பார்த்தால் போதும். வருடம் 1958. ஒருவர் ஸ்டர்லிங் மோஸ், அந்த வருடம் நான்கு பந்தயங்களில் ஜெயித்தவர். இன்னொருவர் மைக் ஹாதோர்ன், ஒன்றே ஒன்றில் ஜெயித்தவர். உலக சாம்பியன் ஆனது ஹாதோர்ன். வித்தியாசம் ஒரு பாயிண்ட்.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். ஓட்டுநர்களுக்கான உலக சாம்பியன்ஷிப் 1950இல் தொடங்கியது. வருடம் முழுக்கப் பல நாடுகளில் 'கிராண்ட் பிரீ' என்ற பந்தயங்கள் நடக்கும். ஒவ்வொன்றும் தனிப் பந்தயம், தனி வெற்றி. அதில் முன்னால் வந்தவர்களுக்குப் பாயிண்ட் கொடுத்து, வருடக் கடைசியில் கூட்டி, அதிகம் வைத்திருப்பவரை உலக சாம்பியன் என்று அறிவிப்பார்கள். 1958இல் முதல் ஐந்து பேருக்கு 8, 6, 4, 3, 2 என்று பாயிண்ட். ஆறாவதாக வந்தால் ஒன்றும் கிடையாது.

இதோடு இரண்டு விதிகள் உண்டு. பந்தயத்தில் எல்லோரையும்விட வேகமாக ஒரு சுற்றை முடித்தவருக்கு, அவர் எத்தனையாவதாக வந்தாலும், பாதியில் நின்றுபோனாலும், கூடுதலாக 1 பாயிண்ட். அடுத்த விதி, ஒருவருடைய சிறந்த ஆறு பந்தயங்களின் பாயிண்டை மட்டும்தான் கூட்டுவார்கள், மீதியைக் கழித்துவிடுவார்கள். கார்கள் அடிக்கடி உடைந்து நின்ற காலம் அது. இரண்டு மூன்று பந்தயங்கள் வீணாகப் போனாலும் ஒரு ஓட்டுநர் போட்டியில் நீடிக்க இந்த விதி வழிவிட்டது.

சரி, மோஸ் யார்? 1929 செப்டம்பர் 17 அன்று லண்டனில் பிறந்தவர். அப்பா ஆல்ஃபிரட் மோஸ் பல் மருத்துவர். அவரே 1924இல் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தில் கார் ஓட்டியவர். அம்மாவும் போட்டிகளில் கார் ஓட்டினார். தங்கை பாட் பின்னாளில் ராலி பந்தயங்களில் பெரிய பெயர் எடுத்தார். இப்படி ஒரு வீட்டில் பிறந்த பையன் 1948இல் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய ஒரு குட்டி கூப்பர் காரில் பந்தயத்துக்கு இறங்கினான். 1950இல், இருபத்தொன்று நிறைவதற்கு முந்தின நாள், வட அயர்லாந்தின் டண்ட்ராடில் கொட்டும் மழையில் ஒரு ஜாகுவாரை ஓட்டி டூரிஸ்ட் டிராபி என்ற பந்தயத்தை ஜெயித்தான். அதன் பிறகு அவரை யாரும் 'பையன்' என்று சொல்லவில்லை.

அவருடைய திறமையின் அளவு தெரிய வேண்டுமானால் 1955 மே 1ஆம் தேதி இத்தாலிக்குப் போக வேண்டும். மில்லே மில்யா என்று ஒரு பந்தயம். பெயருக்கு 'ஆயிரம் மைல்' என்று அர்த்தம். மூடிய பந்தயத்தடம் இல்லை. சாதாரண ஊர்ச் சாலைகள். பிரெஷ்யா நகரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரை ஓரமாக இறங்கி, ரோம் போய்த் திரும்பி, மலைகளைத் தாண்டி மறுபடியும் பிரெஷ்யாவுக்கே வர வேண்டும். கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர். கார்களை ஒவ்வொன்றாக நேர இடைவெளி விட்டு அனுப்புவார்கள். கிளம்பும் நேரமே காரின் எண். மோஸ் ஓட்டிய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆரின் எண் 722, அதாவது காலை 7.22.

இத்தாலிய ஓட்டுநர்களுக்கு அந்தச் சாலைகள் சின்ன வயதிலிருந்தே பழக்கம். 1,600 கிலோமீட்டரில் எந்த வளைவு எப்படித் திரும்பும், எந்த மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று லண்டன்காரருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் டெனிஸ் ஜென்கின்சன் வருகிறார். தாடி வைத்த, சின்ன உருவம் கொண்ட கார் பந்தயப் பத்திரிகையாளர். இருவரும் பந்தயத்துக்கு முன்பே அந்தப் பாதையில் பலமுறை போய்வந்தார்கள். ஒவ்வொரு வளைவையும், தண்டவாளக் கடவையையும், கண்ணுக்குத் தெரியாத மேட்டையும் ஜென்கின்சன் குறித்துக்கொண்டார். குறிப்புகள் முழுவதையும் பதினைந்து அடிக்கும் மேல் நீளமான ஒரே காகிதச் சுருளில் எழுதி, இரண்டு உருளைகள் கொண்ட ஒரு சின்ன உலோகப் பெட்டிக்குள் சுற்றி வைத்தார். மேலே ஒளி ஊடுருவும் மூடி. கார் போகப் போக உருளையைத் திருப்பி, அடுத்து வருவதைப் படிக்கலாம். காற்றும் மழையும் காகிதத்தைத் தொடாது.

எஞ்சின் சத்தத்தில் பேச்சு எதுவும் காதில் விழாது. அதனால் கையசைவுகளை வைத்துக்கொண்டார்கள். இந்தக் கையசைவு வந்தால் முழு வேகத்தில் போகலாம், அந்தக் கையசைவு வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரு மேட்டை நெருங்கும்போது அதற்குப் பின்னால் சாலை நேராகப் போகிறதா, சட்டென்று திரும்புகிறதா என்று மோஸுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் இருப்பவரின் கை 'போ' என்றால், மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் காலை எடுக்காமல் போக வேண்டும். அந்தக் கையை நம்பிக் காலை அழுத்தியதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது.

10 மணி 7 நிமிடம் 48 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கும் மேல். அந்தப் பந்தயத்தில் அந்த நேரத்தை யாரும் முறியடித்ததே இல்லை. இரண்டாவதாக வந்தவர் அர்ஜென்டினாவின் ஃபான்ஜியோ. பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக ஓட்டி, 32 நிமிடம் பின்னால் வந்தார். இன்று ராலி பந்தயங்களில் பக்கத்து இருக்கைக்காரர் குறிப்பு வாசிப்பது சாதாரண விஷயம். அந்தப் பழக்கம் பரவுவதற்கு முன்பே இவர்கள் இருவரும் அதை இவ்வளவு தூரம் செய்து காட்டிவிட்டார்கள்.

இப்போது கவனியுங்கள்: இந்த வெற்றிக்கு உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பாயிண்ட்கூடக் கிடையாது. மில்லே மில்யா கிராண்ட் பிரீ வரிசையில் இல்லை. அந்த வருடம் ஜூலையில் லிவர்பூல் பக்கத்தில் உள்ள ஐன்ட்ரீயில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில், கூட்டாளி ஃபான்ஜியோவை 0.2 விநாடியில் முந்தி மோஸ் ஜெயித்தார். உலக சாம்பியன்ஷிப் காலத்தில் சொந்த நாட்டு கிராண்ட் பிரீயை ஜெயித்த முதல் பிரிட்டிஷ்காரர் அவர். கணக்கில் ஏறியது இந்தப் பந்தயத்தின் பாயிண்ட்தான்: வெற்றிக்கு 8, வேகமான சுற்றுக்கு 1. அந்த வருட சாம்பியன் ஃபான்ஜியோ, இரண்டாமிடம் மோஸ். 1956லும் 1957லும் இதே வரிசை.

1957 கடைசியில் பலருடைய எதிர்பார்ப்பு இதுதான்: ஃபான்ஜியோ ஓய்வை நெருங்குகிறார், அடுத்த வருடம் மோஸின் வருடம்.

1958 ஜனவரியில் பியூனஸ் ஐரிஸில் முதல் பந்தயம். மோஸின் வான்வால் அணி அங்கே போகவில்லை. ராப் வாக்கர் என்ற தனி மனிதர் தன்னிடமிருந்த ஒரு சின்ன கூப்பரை அனுப்பினார். மற்ற கார்களில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால், இதில் பின்னால். மற்றவர்களுடைய எஞ்சின் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். இதனுடையது இரண்டு லிட்டர்கூட முழுசாக இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃபெராரிக்காரர்கள் சக்கர நடுவில் இருக்கும் ஒரே திருகைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி விரைவாக டயர் மாற்றுவார்கள். கூப்பரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நான்கு போல்ட். டயர் மாற்ற உள்ளே வந்தால் பந்தயமே போய்விடும். டயர் மாற்றாமல் ஓடினால் ரப்பர் தேய்ந்து வெடிக்கலாம்.

மோஸும் மெக்கானிக்குகளும் ஒரு தந்திரம் செய்தார்கள். டயர் மாற்ற எப்படியும் உள்ளே வர வேண்டியிருக்கும் என்று எல்லோர் காதிலும் விழும்படி பேசிக்கொண்டார்கள். பந்தயம் நடக்கும்போது பிட்டில், அதாவது தடத்தோரம் அணிகள் காரைக் கவனிக்கும் இடத்தில், புது டயர்களை எடுத்து வெளியே வைத்தார்கள். ஃபெராரி அணி இதைப் பார்த்து, 'அவன் எப்படியும் நிற்பான்' என்று நிதானமாக இருந்துவிட்டது. மோஸ் நிற்கவே இல்லை. கடைசிச் சுற்றுகளில் டயரின் ரப்பர் போய் உள்ளே இருக்கும் நூல் தெரிய ஆரம்பித்தது. சாலையில் எண்ணெய் சிந்தி வழுக்கலாக இருந்த இடங்களைத் தேடி அதன்மேல் ஓட்டினார். அங்கே டயர் தேய்வது குறைவு. ஃபெராரியின் முஸ்ஸோ விழித்துக்கொண்டு துரத்தியபோது காலம் கடந்துவிட்டது. 2.7 விநாடி வித்தியாசத்தில் கூப்பர் ஜெயித்தது. எஞ்சின் பின்னால் உள்ள கார் உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீயை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. சில வருடங்களில் எல்லா அணிகளும் எஞ்சினைப் பின்னால் கொண்டுபோய்விட்டன.

அதன் பிறகு வருடம் வேறு மாதிரிப் போனது. வான்வால் வேகமான கார், ஆனால் அடிக்கடி நின்றுவிடும். மொனாக்கோவில் எஞ்சின் போனது. நெதர்லாந்தில் மோஸ் ஜெயித்தார், வேகமான சுற்றும் அவருடையதே. பெல்ஜியத்தில் முன்னணியில் இருந்தவர் முதல் சுற்றிலேயே ஒரு கியரைத் தவறவிட, எஞ்சின் கெட்டுப்போனது. பிரான்சில் இரண்டாமிடம். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கார் நின்றது. ஜெர்மனியில் நிற்பதற்கு முன்பே வேகமான சுற்றுக்கான 1 பாயிண்ட் மட்டும் கிடைத்தது. இந்தப் பக்கம் ஹாதோர்ன், ஃபெராரியில், பிரான்சில் ஜெயித்தார், பெல்ஜியத்திலும் பிரிட்டனிலும் இரண்டாவதாக வந்து பாயிண்ட் சேர்த்தார்.

ஆகஸ்ட் 24. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம். டிராம் தண்டவாளமும் கருங்கல் பாவிய தெருவும் கலந்த பாதை. மோஸ் வெகு தூரம் முன்னால் இருந்தார். பந்தயத்தின்போது ஓட்டுநருக்குச் செய்தி சொல்ல, பிட்டிலிருந்து பலகையில் எழுதிக் காட்டுவார்கள். வான்வால்காரர்கள் ஹாதோர்னின் பெயரைச் சுருக்கி, பக்கத்தில் 'REC' (ரெக்கார்ட் என்பதன் சுருக்கம்) என்று எழுதிக் காட்டினார்கள். ஹாதோர்ன் வேகமான சுற்றுச் சாதனையை எடுத்துவிட்டார், நீ வேகம் கூட்டி அதைப் பிடுங்கு என்று அர்த்தம். ஓடுகிற காரிலிருந்து மோஸ் கடைசி எழுத்தை மாற்றி 'REG' என்று படித்துவிட்டார். 'ரெகுலர்', அதாவது ஹாதோர்ன் வழக்கம்போல ஓடுகிறார் என்று எடுத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டாமல் போனார். அந்த 1 பாயிண்ட் ஹாதோர்னுக்குப் போனது.

பெரிய விஷயம் அதற்கப்புறம்தான் நடந்தது. கடைசிச் சுற்றில் ஹாதோர்ன் வழுக்கி வெளியே போய், எஞ்சின் அணைந்து நின்றுவிட்டது. அவர் இறங்கி, காரை மேடான பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பந்தயத்தை ஜெயித்து முடித்து மெதுவாக வந்துகொண்டிருந்த மோஸ் அதைப் பார்த்து, இறக்கமான பக்கம் தள்ளு என்று கத்தினார். ஹாதோர்ன் அப்படியே செய்தார், எஞ்சின் பிடித்துக்கொண்டது, இரண்டாவதாக முடித்தார்.

ஆனால் அந்த இறக்கம் பந்தயத்துக்கு எதிர்த் திசையில் இருந்தது. தடத்தில் எதிர்த் திசையில் போனால் தகுதி நீக்கம். நடுவர்கள் ஹாதோர்னை நீக்கப் பார்த்தார்கள். அப்போது மோஸ் உள்ளே போய்ச் சாட்சி சொன்னார்: நான் பார்த்தேன், அவர் காரை நடைபாதையில் தள்ளினார், நடைபாதை பந்தயத்தடம் ஆகாது. நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஹாதோர்னின் 7 பாயிண்ட் நின்றது.

கோப்பைக்குத் தனக்கு நேர் எதிரில் நிற்கும் ஆளுக்காகப் போய்ப் பேசினார் மோஸ். பேசாமல் இருந்திருந்தாலே போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பின்னாளில் எத்தனையோ பேர் இதைப் பற்றிக் கேட்டார்கள். அதற்காக வருந்துவதாக அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

இத்தாலியில் மோஸின் கியர்பாக்ஸ் போனது, ஹாதோர்ன் மறுபடியும் இரண்டாவது. கடைசிப் பந்தயம் அக்டோபர் 19, மொராக்கோவின் காசாபிளாங்கா. அன்று காலை ஹாதோர்ன் 40, மோஸ் 32. மோஸ் ஜெயித்து, வேகமான சுற்றையும் எடுத்து, ஹாதோர்ன் மூன்றாவதாகவோ அதற்குக் கீழோ வந்தால் மோஸ் சாம்பியன். மோஸ் ஜெயித்தார். வேகமான சுற்றையும் எடுத்தார். ஹாதோர்னுக்கு முன்னால் இரண்டாமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் அவருடைய ஃபெராரி கூட்டாளி ஃபில் ஹில். அவர் வேகத்தைக் குறைத்து ஹாதோர்னுக்கு வழிவிட்டார். முடிந்தது: ஹாதோர்ன் 42, மோஸ் 41.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஹாதோர்ன் வருடம் முழுக்க எடுத்தது 49. ஆறு பந்தய விதியால் 7 கழிந்து 42. மோஸுக்குப் பாயிண்ட் கிடைத்ததே ஆறு பந்தயங்களில்தான். அதனால் எதுவும் கழியவில்லை. கழிக்கும் விதி மோஸைக் கெடுத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த விதிதான் அவரை ஒரு பாயிண்ட் தூரம் வரை கொண்டுவந்தது. போர்ட்டோவில் ஹாதோர்னை நீக்கியிருந்தால் அவருக்கு 39, மோஸ் சாம்பியன். போர்ட்டோ பலகையைச் சரியாகப் படித்து அந்த வேகமான சுற்றை மோஸ் எடுத்திருந்தால், அவருக்கு 42, ஹாதோர்னுக்கு 41. ஒரு எழுத்து!

விதி மாறினால் சாம்பியனும் மாறுவாரா? அதே வருட முடிவுகளை, எதையும் கழிக்காமல், வேகமான சுற்றுக்கும் பாயிண்ட் தராமல், 1991 முதல் 2002 வரை இருந்த 10, 6, 4, 3, 2, 1 முறையில் போட்டுப் பார்த்தேன். இருவருக்கும் 46. சமமாக வந்தால் அதிக வெற்றி பெற்றவருக்குக் கோப்பை, அதாவது மோஸுக்கு. இப்போதுள்ள 25, 18, 15, 12, 10 முறையில் போட்டால் ஹாதோர்ன் 140, மோஸ் 118. ஒரு பாயிண்ட் வித்தியாசம் 22 ஆகிவிடுகிறது. வெற்றிக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையில் விகிதப்படி எவ்வளவு பெரிய படி வைக்கிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. படி சின்னதாக இருந்தால் உடையாமல் ஓடி முடிப்பவருக்கு லாபம். பெரிதாக இருந்தால் ஜெயிப்பவருக்கு லாபம்.

ஹாதோர்ன் தகுதியில்லாமல் ஜெயித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து முறை இரண்டாவதாக வருவது சும்மா வராது. அந்த வருடம் அவருடைய அணித்தோழர்கள் முஸ்ஸோ பிரான்சிலும், பீட்டர் காலின்ஸ் ஜெர்மனியிலும் பந்தயத்திலேயே இறந்தார்கள். காலின்ஸ் அவருக்கு உயிர் நண்பர். காசாபிளாங்காவில் வான்வாலின் ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் தீக்காயம் பட்டு ஆறு நாள் கழித்து இறந்தார். பிரிட்டனின் முதல் உலக சாம்பியனான ஹாதோர்ன் உடனே ஓய்வு பெற்றார். மூன்று மாதத்தில், 1959 ஜனவரி 22 அன்று, கில்ட்ஃபோர்ட் அருகே சாதாரணச் சாலையில் தன் ஜாகுவாரில் விபத்தாகி, 29 வயதில் போய்விட்டார்.

மோஸ் ஏன் அதற்கப்புறமும் சாம்பியன் ஆகவில்லை? அவர் தேர்ந்தெடுத்த கார்களும் ஒரு காரணம். 1951இல் இத்தாலியின் பாரியில் அவருக்குக் கார் தருவதாகச் சொல்லி வரவழைத்த ஃபெராரி, அவர் வந்து பார்த்தபோது அதை வேறொருவருக்குக் கொடுத்திருந்தது. அதை அவர் பல வருடம் மறக்கவில்லை. முடிந்தவரை பிரிட்டிஷ் கார், அதிலும் ராப் வாக்கரின் சின்னத் தனியார் அணி என்று நின்றார். 1961 மொனாக்கோவில் அவருடைய லோட்டஸ் பழைய மாடல். ஃபெராரிகளுக்குக் குதிரைத்திறன் கணிசமாக அதிகம். கிளம்பும் முன் காரின் சட்டகத்தில் ஒரு குழாய் விரிசல் விட்டிருப்பது தெரிந்து, பெட்ரோல் தொட்டிமேல் ஈரத்துணி போட்டு அங்கேயே வெல்டிங் செய்தார்கள். வெக்கைக்காகப் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு, உடம்பு வெளியே தெரிய நூறு சுற்று ஓட்டி, 3.6 விநாடியில் ஃபெராரிகளைத் தோற்கடித்தார். அவருடைய மிகச் சிறந்த ஓட்டம் இதுவே என்பது என் எண்ணம். 66 கிராண்ட் பிரீகளில் 16 வெற்றி. எல்லா வகைப் பந்தயங்களையும் சேர்த்தால் 529இல் 212. உலக சாம்பியன் பட்டம், பூஜ்யம்.

1962 ஏப்ரல் 23, குட்வுட். அவருடைய கார் தடத்தை விட்டு விலகி மண்கரையில் மோதியது. ஒரு மாதம் நினைவில்லை. இடது பக்கம் ஆறு மாதம் சரியாக வேலை செய்யவில்லை. மறுவருடம் மே மாதம் அதே குட்வுடில் ஒரு காரை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். நேரம் மோசமில்லை. ஆனால் முன்பு யோசிக்காமலே கை செய்ததை இப்போது ஒவ்வொன்றாக யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. காரை விட்டு இறங்கி, இனி ஓட்டப்போவதில்லை என்று அறிவித்தார். வயது 33.

பழைய கார்களுக்கான பந்தயங்களுக்குப் பின்னாளில் திரும்பி வந்தார். 2011 ஜூனில், 81 வயதில், ல மான்ஸில் தகுதிச் சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். இன்று மதியம் எனக்கே பயம் வந்துவிட்டது, அதனால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார்.